தொலைந்த ரயில் டிக்கெட்: டூப்ளிகேட்டா, புது டிக்கெட்டா, பஸ்ஸா?

ராத்திரி ஒன்பதரை மணி வாக்கில் மதுரையிலிருந்து சென்னைக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸ். காலையில் சாப்பிட்டுவிட்டுப் பெட்டி அடுக்க உட்காரும்போதுதான் டிக்கெட் ஞாபகம் வருகிறது. பீரோவில் இல்லை. சாமி படத்துக்குப் பின்னால் இல்லை. போன வாரம் போட்ட சட்டைப் பையில் இல்லை. பிள்ளைகளின் நோட்டு வரைக்கும் புரட்டியாயிற்று. இப்படி வீட்டுக்குள் தேடிக் கழிக்கிற இரண்டு மூன்று மணி நேரத்தில், 50 ரூபாயோடு போக வேண்டிய நஷ்டம் பாதி டிக்கெட் விலைக்கு ஏறிவிடுகிறது.

முன்பதிவை இப்போது 60 நாளுக்கு முன்பே திறக்கிறார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கவுண்டரில் வரிசையில் நின்று எடுத்த டிக்கெட் இரண்டு மாதம் வீட்டில் கிடக்கிறது. உள்ளங்கை அகலக் காகிதம். அத்தனை நாளில் அது காணாமல் போவதில் ஆச்சரியமில்லை. போன பிறகு முன்னால் இருக்கிற வழிகள் நாலைந்துதான்: டூப்ளிகேட் டிக்கெட் வாங்குவது, புதிதாக டிக்கெட் எடுப்பது, பஸ் பிடிப்பது, டி.டி.ஆரிடம் (ரயிலில் டிக்கெட் பார்ப்பவரிடம்) சொல்லிக்கொள்ளலாம் என்று ஏறிவிடுவது, பயணத்தையே விட்டுவிடுவது. எது நல்லது என்பதை டிக்கெட்டின் விலை அவ்வளவாகத் தீர்மானிப்பதில்லை. அது எந்த வகை டிக்கெட், ரயிலுக்கு சார்ட் (யாருக்கு எந்த இடம் என்ற இறுதிப் பட்டியல்) போட்டாகிவிட்டதா, உங்கள் இடம் உறுதியானதா என்ற மூன்றும்தான் தீர்மானிக்கின்றன.

தொலைந்தது டிக்கெட்தானா?

கையில் காகிதம் இருந்தது என்பதாலேயே அது கவுண்டர் டிக்கெட் ஆகிவிடாது. ஜங்ஷனைச் சுற்றியுள்ள டிராவல்ஸ்களிலும் ஊருக்குள் இருக்கிற பிரவுசிங் சென்டர்களிலும் எடுத்துத் தருவது பெரும்பாலும் ரயில்வேயின் இணையத் தளமான ஐ.ஆர்.சி.டி.சி.யில் எடுக்கும் இ-டிக்கெட். ஏ4 தாளில் அச்சடித்து, கியூஆர் கோடும் பயண விவரங்களும் கீழே நிபந்தனைகளுமாக இருந்தால் அது இ-டிக்கெட்டின் பிரதி மட்டும்தான். தொலைந்தால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. எடுத்துக் கொடுத்தவரிடம் சொன்னால் மறுபடி அச்சடித்துத் தருவார். நீங்களே எடுத்திருந்தால் ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் பழைய முன்பதிவுகளின் பட்டியலுக்குள் போய் மறுபடி அச்சடிக்கலாம், அல்லது முன்பதிவு விவரம் வந்த எஸ்.எம்.எஸ்ஸை மீண்டும் வரவழைக்கலாம். அச்சடித்த தாளே வேண்டும் என்பதுகூட இல்லை. போனில் இருக்கிற எஸ்.எம்.எஸ்ஸும், அந்த பி.என்.ஆரில் (முன்பதிவு எண்ணில்) பெயர் உள்ள ஒருவரின் அசல் அடையாள அட்டையும் இருந்தால் போதும்.

போனும் சேர்ந்து போய்விட்டதா? அப்போதும் இ-டிக்கெட்காரர் பயப்பட வேண்டியதில்லை. டி.டி.ஆர். கையில் இருக்கிற சிறு கருவியில் பெட்டி வாரியாகப் பெயர்ப் பட்டியல் இருக்கும். அடையாள அட்டையைக் காட்டி, தாளோ எஸ்.எம்.எஸ்ஸோ காட்ட முடியாத நிலையைச் சொன்னால், டிக்கெட்டுக்கு 50 ரூபாய் வாங்கிக்கொண்டு ரசீது தருவது விதி. ஆபத்து வேறொரு இடத்தில் இருக்கிறது. அடையாள அட்டை இல்லாத இ-டிக்கெட்டை டிக்கெட் இல்லாத பயணமாகவே எடுத்துக்கொள்வார்கள். பர்ஸ் தொலைந்தால் டிக்கெட்டைவிட ஆதாரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். அரசின் டிஜிலாக்கர் செயலியில் உள்ள ஆதாரும் ஓட்டுநர் உரிமமும் செல்லும். ஆனால் அரசுத் துறை நேரடியாக வழங்கியதாக அதில் இருக்கும் பகுதியிலிருந்து காட்ட வேண்டும்; நீங்களே போட்டோ எடுத்து ஏற்றி வைத்தது செல்லாது. கூட வருகிறவர்களில் யாராவது ஒருவரிடம் அட்டை இருந்தாலும் அந்த பி.என்.ஆர். முழுவதுக்கும் அது போதும்.

ஆக, இனி சொல்வதெல்லாம் ரயில்வே முன்பதிவு கவுண்டரில் பணம் கட்டி வாங்கிய அச்சு டிக்கெட்டுக்கு. அதில் அந்தக் காகிதம்தான் டிக்கெட். போனில் எடுத்து வைத்த போட்டோவும் ஜெராக்ஸும் பயணத்துக்குச் செல்லாது. ஆனாலும் அந்த போட்டோவை அழித்துவிடாதீர்கள். கொஞ்சம் கழித்து அதற்கு வேலை இருக்கிறது.

சார்ட் போடும் நேரம்தான் கெடு

முன்பெல்லாம் ரயில் கிளம்ப 4 மணி நேரத்துக்கு முன்னால் சார்ட் போடுவார்கள். 2025 நடுவில் அது 8 மணி நேரம் ஆனது; 2025 டிசம்பரிலிருந்து பிற்பகலிலும் இரவிலும் கிளம்பும் ரயில்களுக்குக் குறைந்தது 10 மணி நேரத்துக்கு முன்பே போடுகிறார்கள். அதற்கும் முன்பே முடிந்துவிடுவதும் உண்டு. காலை ரயில்களுக்கு முந்தின நாள் இரவே முடிந்துவிடும். வெயிட்டிங் லிஸ்ட்காரர்களுக்கு இது நல்ல செய்தி, இடம் கிடைக்குமா என்று சீக்கிரம் தெரிந்துவிடும். டிக்கெட்டைத் தொலைத்தவருக்கோ கெடு முன்னால் வந்துவிட்டது. ‘ரயில் ராத்திரிதானே, சாயங்காலம் போய்க் கேட்டுக்கலாம்’ என்ற பழைய கணக்கு இப்போது உதவாது.

மதுரை ரயில்களை வைத்துப் பார்த்தால் இது விளங்கும். இரவு ஒன்பதரை மணி வாக்கில் கிளம்பும் பாண்டியனுக்கு பத்து மணி நேரம் பின்னால் எண்ணினால் காலை பதினொன்றரை. காலை பத்து மணிக்குள் கவுண்டரில் நின்றால் பயமில்லை. மத்தியானம் என்றால் தாமதம்தான். பிற்பகல் மூன்று மணி தேஜஸுக்கு எண்ணினால் விடியற்காலை ஐந்து. முன்பதிவு மையம் திறப்பதே காலை எட்டு மணிக்கு. எனவே தேஜஸ் டிக்கெட் தொலைந்தால் முந்தின நாளே போயிருக்க வேண்டும். காலையில் கிளம்பும் வைகைக்கும், விடியற்காலையில் பெங்களூர் போகும் வந்தே பாரத்துக்கும் முந்தின நாள் மாலைக்குள் வேலையை முடிப்பது நல்லது. ஞாயிற்றுக்கிழமை கவுண்டர் மத்தியானம் இரண்டு மணியோடு மூடிவிடும். திங்கள் காலை வைகையில் போக வேண்டியவர் இதைக் கவனிக்காமல் ஞாயிறு மாலை வந்தால் பூட்டிய கண்ணாடிதான் எதிரே இருக்கும்.

மதுரை வழியாகப் போகிற ரயில்களில் இன்னொரு நெருக்கடி உண்டு. சார்ட் நேரத்தை எண்ணுவது ரயில் புறப்படும் ஊரிலிருந்து. நீங்கள் ஏறும் ஊரிலிருந்து இல்லை. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் மதுரைக்கு வந்து சேர ஏறக்குறைய நாலு மணி நேரம் ஆகிறது. நெல்லை, பொதிகை, முத்துநகர் எல்லாமே தெற்கிலிருந்து கிளம்பி வருபவை. போடியிலிருந்து சென்னை சென்ட்ரல் போகும் ரயிலும் அப்படித்தான். ரயில் மதுரைக்கு வந்து சேர எடுக்கும் நேரத்தையும் உங்கள் கெடுவிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். மதுரையில் இரவு பத்து மணிக்கு ஏறுகிற கன்னியாகுமரி எக்ஸ்பிரஸுக்கு காலை எட்டு மணிக்கெல்லாம் சார்ட் முடிந்திருக்கக்கூடும்.

சார்ட் ஆகிவிட்டதா என்று யூகிக்க வேண்டாம். ரயில்வே உதவி எண்ணான 139-க்கு அழைத்தோ போனில் பி.என்.ஆர். நிலையைத் தட்டிப் பார்த்தோ தெரிந்துகொள்ளலாம். பயணிகள் பட்டியலுக்குக் கீழே சார்ட் தயாரா இல்லையா என்று தனி வரி வரும். பி.என்.ஆர். என்பது டிக்கெட்டின் இடது மேல் மூலையில் இருந்த 10 இலக்க எண். அது நினைவில் இல்லையா? முன்பதிவுப் படிவத்தில் செல்போன் எண் எழுதியிருந்தால் டிக்கெட் எடுத்த அன்றே எஸ்.எம்.எஸ். வந்திருக்கும். பழைய எஸ்.எம்.எஸ்களில் ரயில் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். முன்னே சொன்ன அந்த போட்டோவுக்கு வேலை வருவதும் இங்கேதான். ‘ஊருக்குப் போறேன்’ என்று வீட்டு வாட்ஸ்அப் குழுவில் டிக்கெட் படத்தைப் போட்டிருந்தாலும் அதிலிருந்து எண்ணை எடுத்துக்கொள்ளலாம்.

டூப்ளிகேட்: எவ்வளவு, எப்போது

கணக்கு எளிதாக இருக்க, ஒருவருக்கு 340 ரூபாய் அச்சான ஸ்லீப்பர் டிக்கெட் என்று வைத்துக்கொள்வோம். இடம் உறுதியாகியிருந்தாலோ ஆர்.ஏ.சி.யில் (பெர்த் உறுதியாகாமல் உட்கார இடம் மட்டும்) இருந்தாலோ, சார்ட்டுக்கு முன்னால் சொன்னால் 50 ரூபாயில் டூப்ளிகேட் கிடைக்கும். செகண்ட் சிட்டிங்குக்கும் இதே 50. ஏ.சி. உள்ளிட்ட மற்ற வகுப்புகளுக்கு 100 ரூபாய். சார்ட்டுக்குப் பிறகு சொன்னால், இடம் உறுதியாகியிருந்தால் மட்டும், கட்டணத்தில் பாதி. ஸ்லீப்பரில் 170. 900 ரூபாய் மூன்றடுக்கு ஏ.சி. என்றால் 450. காலையில் போனவர் 100 கொடுக்கிறார், மாலையில் போனவர் 450 கொடுக்கிறார். பெர்த் என்னவோ ஒன்றுதான்.

‘தொலைந்தது’ மட்டுமல்ல, ‘எங்கேயோ வைத்துவிட்டேன்’ என்பதும் விதியில் சேர்த்தி. டிக்கெட் வீட்டில்தான் இருக்கிறது, வீடு உசிலம்பட்டியில், நீங்கள் மதுரையில் என்றால் எடுத்துவரப் போக வேண்டாம். நாற்பது கிலோமீட்டர் போய்த் திரும்புகிற பஸ் காசும் நேரமும் 50 ரூபாய்க்கு மேல். போய்வருவதற்குள் சார்ட் முடிந்துவிட்டால், எங்காவது ரோட்டில் பஸ் நின்றுவிட்டால், கையில் இருந்ததும் போகும். சார்ட் முடிந்துவிட்டது, ரயிலுக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறது என்றால் கதை வேறு: 170-ஐயோ 450-ஐயோ மிச்சப்படுத்த வீட்டிலிருந்து ஒருவரை வரச் சொல்வதுதான் கெட்டிக்காரத்தனம்.

எங்கே போவது? அன்ரிசர்வ்டு டிக்கெட் கொடுக்கிற ஜன்னலில் நிற்க வேண்டாம். அந்தக் கூட்டத்தில் அரை மணி நேரம் கழித்து ‘இங்கே இல்லை’ என்பார்கள். மதுரை ஜங்ஷன் முன்பதிவு மையத்தில் தலைமை முன்பதிவு மேற்பார்வையாளரை நேரே பார்க்க வேண்டும். திருமங்கலம், சோழவந்தான் போன்ற நிலையங்களில் ஏறுகிறவர்களும் நேரம் இருந்தால் ஜங்ஷனுக்கே வந்துவிடுவது நல்லது. கேட்டுச் சொல்கிறேன் என்று காத்திருக்கச் சொல்வது அங்கே குறைவு. தட்கல் முன்பதிவு திறக்கும் நேரத்தில், அதாவது தினமும் ஏ.சி.க்குப் பத்து மணிக்கும் மற்றதுக்குப் பதினொரு மணிக்கும் கவுண்டர் பரபரப்பாக இருக்கும். ஒன்பதே காலுக்கோ, சார்ட்டுக்கு நேரம் இருந்தால் பதினொன்றரைக்குப் பிறகோ போனால் நின்று பதில் சொல்வார்கள்.

மனுவை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். ஒரு பக்கம் போதும், அலங்காரம் வேண்டாம்:

‘பெறுநர்: தலைமை முன்பதிவு மேற்பார்வையாளர், மதுரை சந்திப்பு. பொருள்: தொலைந்த முன்பதிவு டிக்கெட்டுக்கு டூப்ளிகேட் கோருதல். ஐயா, கீழ்க்கண்ட விவரப்படி நான் எடுத்திருந்த டிக்கெட் தொலைந்துவிட்டது. பி.என்.ஆர். எண், ரயில் எண் மற்றும் பெயர், பயணத் தேதி, ஏறும் நிலையம், இறங்கும் நிலையம், வகுப்பு, பெட்டி மற்றும் பெர்த் எண், பயணிகளின் பெயர் வயது, முன்பதிவுப் படிவத்தில் கொடுத்த செல்போன் எண். உரிய கட்டணம் பெற்றுக்கொண்டு டூப்ளிகேட் டிக்கெட் வழங்க வேண்டுகிறேன்.’

கீழே கையெழுத்து, தேதி. கூடவே டிக்கெட்டில் பெயர் உள்ள ஒருவரின் அடையாள அட்டை அசலும் ஒரு ஜெராக்ஸும். பி.என்.ஆர். கிடைக்காதவர்கள் மற்ற விவரங்களைப் பிசகில்லாமல் எழுத வேண்டும். ரயில், தேதி, வகுப்பு, பெயர், வயது ஐந்தும் பொருந்தினால் கம்ப்யூட்டரில் தேடி எடுக்க முடியும். இங்கே வேலையைக் கெடுப்பது வயதுதான். படிவத்தில் 58 என்று எழுதிவிட்டு இப்போது ஆதார்படி 61 என்றால் மேற்பார்வையாளருக்குச் சந்தேகம் வரும். அன்றைக்குப் படிவத்தை நிரப்பியவர் யாரோ அவரையே கூட்டிக்கொண்டு போனால் இதைத் தவிர்க்கலாம்.

வாங்கிய கையோடு டூப்ளிகேட்டில் பெயர், தேதி, பெர்த் எல்லாம் சரியா என்று ஜன்னலை விட்டு நகருவதற்கு முன்பே பாருங்கள். இனி ரயிலில் காட்ட வேண்டியது அதுதான்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ‘டிக்கெட்தான் இல்லையே, ரத்தாவது பண்ணி வர்ற காசை வாங்குவோம்’ என்று இணையத்தில் ரத்து செய்துவிடுவது. கவுண்டர் டிக்கெட்டை ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் ஓ.டி.பி. போட்டு ரத்து செய்ய வழி இருக்கிறது, அது உண்மைதான். ஆனால் அசல் டிக்கெட்டைக் கவுண்டரில் ஒப்படைத்தால்தான் பணம் திரும்ப வரும். அசல் இல்லாமல் ரத்து செய்தால் பணமும் வராது, பெர்த்தும் போய்விடும். தொலைந்த டிக்கெட்டுக்குப் பணம் திருப்பித் தருவது விதியிலேயே இல்லை. பயணத்தை விட்டுவிடலாம் என்று யோசிக்கிறவர்கள் டிக்கெட் காசு முழுவதும் போனதாகவே வைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டும்.

கிழிந்தது வேறு, தொலைந்தது வேறு

சட்டைப் பையோடு துவைத்துவிட்ட டிக்கெட், குழந்தை கிழித்த டிக்கெட், எலி கடித்த டிக்கெட் எல்லாம் ‘தொலைந்தது’ கணக்கில் வராது. சார்ட்டுக்கு முன் இரண்டுக்கும் அதே 50, 100தான். சார்ட்டுக்குப் பிறகு வித்தியாசம் பெரிது. தொலைந்ததற்குப் பாதிக் கட்டணம், கிழிந்ததற்குக் கால் பங்கு. அந்த 340 ரூபாய் ஸ்லீப்பரில் 170-க்குப் பதில் 85, 900 ரூபாய் ஏ.சி.யில் 450-க்குப் பதில் 225. அதனால் துண்டுகளைக் குப்பையில் போடாதீர்கள், ஒரு துணுக்கும் விடாமல் பொறுக்கி எடுத்துக்கொண்டு போங்கள்.

துவைத்த டிக்கெட்டை ஈரத்தோடு பிரித்தால் மடிப்புக்கு மடிப்பு கிழிந்து வரும். மடித்தபடியே செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, மேலே ஒரு புத்தகம் வைத்துக் காயவிட்டு, முக்கால்வாசி காய்ந்த பிறகு மெதுவாகப் பிரிக்கலாம். இஸ்திரி போட வேண்டாம், அச்சு கெட்டுவிடலாம். ஒட்டுவதானால் பின்பக்கம் மட்டும், கண்ணாடி டேப்பால். முன்பக்கத்தில் இடது மேல் மூலையை எதுவும் மறைக்கக் கூடாது. பி.என்.ஆர். எண்ணும் பெயரும் பெட்டி எண்ணும் தெரிந்தால்தான் இது இன்ன டிக்கெட் என்று மேற்பார்வையாளரால் உறுதிசெய்ய முடியும்.

டூப்ளிகேட் கிடைக்காத டிக்கெட்டுகள்

வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் தொலைந்தால் டூப்ளிகேட் கிடையாது. சார்ட்டுக்குப் பின்னும் ஆர்.ஏ.சி.யிலேயே நிற்கிற டிக்கெட்டுக்கும் கிடையாது. எனவே ஆர்.ஏ.சி. வைத்திருப்பவர்தான் எல்லோரையும்விட வேகமாக ஓட வேண்டியவர்: சார்ட்டுக்கு முன் 50 ரூபாய், பின்னால் எதுவுமே இல்லை. தட்கல் டிக்கெட்டுக்கு சாதாரணமாக டூப்ளிகேட் தருவதில்லை. விதிவிலக்காகத் தந்தாலும் தட்கல் கட்டணத்தோடு சேர்த்து முழுத் தொகையையும் மறுபடி கட்ட வேண்டும். அப்படிக் கட்டினாலும் உங்களுடைய அதே பெர்த் கிடைக்கிறது என்பது ஒன்றுதான் லாபம். மற்ற ரயில்களில் இடம் இல்லாத நாளில் அதுவே பெரிய லாபம்.

அன்ரிசர்வ்டு டிக்கெட் தொலைந்தால் யோசிக்க ஒன்றும் இல்லை. டூப்ளிகேட்டும் கிடையாது, பணமும் வராது. வேறு டிக்கெட் எடுத்துக்கொண்டு ஏறுங்கள். 2025 ஜூலையில் வந்த ரயில்ஒன் செயலியில் காகிதமில்லாமல் எடுத்திருந்தால் டிக்கெட் போனுக்குள் இருக்கிறது. அதைச் செயலியைத் திறந்துதான் காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட்டும் அடுத்தவர் போனுக்கு அனுப்பிய படமும் செல்லாது. திண்டுக்கல்லுக்கோ விருதுநகருக்கோ தினமும் போய்வருகிறவர்கள் போனில் சார்ஜ் இல்லாமல் ஏறுவது டிக்கெட் இல்லாமல் ஏறுவதற்குச் சமம்.

புது டிக்கெட், பஸ், பாதி விலை டூப்ளிகேட்: மூன்றையும் தராசில் வைத்தால்

உறுதியான இடம் உள்ளவருக்குப் புது ரயில் டிக்கெட் ஒருபோதும் லாபமில்லை. சார்ட்டுக்குப் பிறகு காலியிடங்களை கரன்ட் புக்கிங்கில் தருகிறார்கள், ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் பெட்டி வாரியாகக் காலி பெர்த்தைப் பார்க்கவும் முடிகிறது. ஆனால் அதற்குப் புதிதாகக் கட்டணம் கட்ட வேண்டும். பாதிக் கட்டணத்தில் உங்கள் பழைய பெர்த்தே கையில் இருக்கும்போது அதைவிடக் கூடுதல் விலை கொடுத்து வேறு பெர்த் எதற்கு? டூப்ளிகேட் கிடைக்காத மூன்று நிலைகளில், அதாவது வெயிட்டிங் லிஸ்ட், சார்ட்டுக்குப் பிந்திய ஆர்.ஏ.சி., தட்கல் ஆகியவற்றில் மட்டும் கரன்ட் புக்கிங்கைப் பார்ப்பது அறிவு.

பஸ்ஸோடு ஒப்பிடும்போது தூரத்தைப் பார்க்க வேண்டும். சென்னை போல ஒரு ராத்திரிப் பயணத்துக்கு, ஸ்லீப்பரில் பாதிக் கட்டணமான 170 ரூபாயில் படுத்துக்கொண்டு போகிற வசதியை மாட்டுத்தாவணியிலிருந்து கிளம்பும் எந்த பஸ்ஸும் தராது. பண்டிகைக்கு மறுநாள் என்றால் ஆம்னி பஸ் கட்டணத்தைக் கேட்கவே வேண்டாம். அங்கே டூப்ளிகேட்டுக்குப் பாதி கொடுப்பதே கை கொடுக்கும். திருச்சி, திண்டுக்கல், திருநெல்வேலி போன்ற பகல் பயணங்களில் பஸ் ஜெயிக்கும். செகண்ட் சிட்டிங் டிக்கெட்டின் விலையே சொற்பம். அதற்காக ஜங்ஷனில் மேற்பார்வையாளரைத் தேடி, மனு கொடுத்து, காத்திருக்கிற நேரத்தில் மாட்டுத்தாவணியிலோ ஆரப்பாளையத்திலோ ஏறினால் பாதி தூரம் போயிருக்கலாம். வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் கூட இருந்தால் இந்தக் கணக்கைத் தள்ளி வைத்துவிடுங்கள். கீழ் பெர்த் உறுதியாக இருக்கிற டிக்கெட்டைக் காப்பாற்றப் பாதி விலை கொடுப்பது எந்த நாளிலும் நியாயமான செலவு.

‘டி.டி.ஆரிடம் சொல்லிக்கலாம்’

எல்லா வழிகளிலும் மோசமானது இது. பெயர் சார்ட்டில் இருக்கிறதே, யார் என்ன சொல்ல முடியும் என்ற தைரியத்தில் ஏறுகிறார்கள். 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின்படி, கேட்கும்போது டிக்கெட்டைக் காட்ட முடியாதவர் பயணக் கட்டணத்தோடு கூடுதல் கட்டணமும் கட்ட வேண்டும். அந்தக் கூடுதல், கட்டணத்துக்குச் சமமான தொகை அல்லது 250 ரூபாய், இதில் எது அதிகமோ அது. 340 ரூபாய் ஸ்லீப்பரில் 340-உம் 340-உம் 680. முதலில் கொடுத்த 340-ஐயும் சேர்த்தால் ஒரே பெர்த்துக்கு 1,020 ரூபாய். 170-ல் முடிந்திருக்க வேண்டியது. கவுண்டர் டிக்கெட்டுக்கும் இ-டிக்கெட்டுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் கடிக்கிறது: இ-டிக்கெட்காரர் அடையாள அட்டையைக் காட்டி 50 ரூபாயோடு தப்பிக்கிறார், கவுண்டர் டிக்கெட்காரருக்கு அந்தச் சலுகை இல்லை.

ஆனாலும் டிக்கெட் தொலைந்தது பிளாட்பாரத்தில்தான் தெரிகிறது, ரயில் வந்து நிற்கிறது, கவுண்டருக்கு ஓட நேரமில்லை என்ற நிலை வரும். அப்போது பேசாமல் ஏறி பெர்த்தில் படுத்துக்கொள்ளாதீர்கள். ஏறுவதற்கு முன்பே டி.டி.ஆரைத் தேடிப் போய்ச் சொல்லுங்கள். அதே சட்டத்தின் 55-வது பிரிவு, அதிகாரம் உள்ள ரயில்வே ஊழியரிடம் அனுமதி வாங்கி, பிறகு கட்டணம் செலுத்தும் நிபந்தனையில் பயணம் செய்ய வழி வைத்திருக்கிறது. அப்படி அனுமதித்ததற்குச் சான்றுச் சீட்டு வாங்கியவரிடம் கூடுதல் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. பயணக் கட்டணம் கட்டத்தான் வேண்டும், ஆனால் அந்த இன்னொரு 340 மிச்சம். வாயால் ‘சரி ஏறுங்க’ என்று சொன்னதை நம்பி உட்கார வேண்டாம்; அடுத்த நிலையத்தில் ஆள் மாறினால் அந்த வார்த்தைக்கு மதிப்பில்லை. சீட்டாக வாங்குங்கள்.

பர்ஸோ பையோ திருடு போனதால் டிக்கெட் போயிருந்தால், ரயில்வே போலீஸில் புகார் கொடுப்பது பொருளை மீட்கவும் அட்டைகளைப் புதுப்பிக்கவும் உதவும். ஓடுகிற ரயிலில் என்றால் 139-ல் சொல்லலாம். புகார் நகல் டிக்கெட்டுக்குப் பதிலாகாது. இரண்டு பேர் இருந்தால் ஒருவர் புகாருக்கும் மற்றவர் முன்பதிவு மையத்துக்கும் பிரிந்து போங்கள். தனி ஆள் என்றால் முதலில் டூப்ளிகேட், பிறகு புகார். புகாருக்கு சார்ட் கெடு இல்லை.

டூப்ளிகேட் வாங்கிய பிறகு அசல் கிடைத்தால்

இது அடிக்கடி நடக்கிறது. டூப்ளிகேட்டோடு வீட்டுக்கு வந்தால் கல்யாணப் பத்திரிகைக்குள் அசல் இருக்கும். இரண்டையும் எடுத்துக்கொண்டு ரயில் கிளம்புவதற்கு முன் கவுண்டரில் காட்டினால், டூப்ளிகேட்டுக்குக் கட்டிய தொகையில் 5 சதவீதம், குறைந்தது 20 ரூபாய், பிடித்துக்கொண்டு மீதியைத் தந்துவிடுவார்கள். 50 கட்டியவருக்கு 30 வரும். அதற்காக ஆட்டோ பிடித்துப் போக வேண்டியதில்லை. 170 கட்டியவருக்கு 150, 450 கட்டியவருக்கு 427 ரூபாய் 50 காசு. எப்படியும் ரயிலுக்கு ஜங்ஷனுக்கு வரத்தான் போகிறீர்கள், ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பி வாங்கிக்கொள்ளுங்கள். ரயில் நகர்ந்துவிட்டால் அந்தப் பணம் கிடையாது.